எரிவாயுச் சுடரும் நைட்ரிக் ஆக்சைடும்: அன்றும் இன்றும்

1950களின் முற்பகுதியில், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் சன்பிளவர் என்ற படைக்கலத் தொழிற்சாலையின் வளாகத்தில், இயற்கை எரிவாயுவை எரித்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் உலை ஒன்று இயங்கியது. மக்னீசியாவால் ஆன கூழாங்கல் போன்ற உருண்டைகள் நிரம்பிய இரண்டு படுகைகள் அதில் இருந்தன. ஒரு படுகையின் வழியே புகும் காற்று சூடேறும். நடுவில் எரிவாயு எரிந்து வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மறு படுகையின் வழியே வெளியேறும்போது அந்த வாயு கண நேரத்தில் குளிரும். சற்று நேரத்தில் காற்றின் திசையைத் திருப்பிவிடுவார்கள். சூடேறிய படுகை சூடேற்றும் படுகையாகிவிடும். இப்படி வெளிவந்த வாயுவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு நைட்ரிக் ஆக்சைடு இருந்தது. அதிலிருந்து நைட்ரிக் அமிலம் எடுத்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபாரிங்டன் டேனியல்ஸ் என்ற வேதியியலாளரின் குழு உருவாக்கியதால் இதற்கு விஸ்கான்சின் முறை என்று பெயர்.

இன்று லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் இயற்கை எரிவாயுவால் இயங்கும் ஒரு தொழிற்சாலைக் கொதிகலனின் புகைபோக்கியில் நைட்ரிக் ஆக்சைடும் அதன் உறவான நைட்ரஜன் டை ஆக்சைடும் சேர்ந்து பத்து லட்சம் பங்கில் 9 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. சிலவற்றுக்கு வரம்பு அதைவிடவும் குறைவு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதைத் தொழிலில் பிபிஎம் என்பார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு என்பது 10,000 பிபிஎம். அன்று அதே எரிவாயுவும் அதே காற்றும் 10,000 பிபிஎம்முக்கு மேல் தரவேண்டும் என்று முயன்றார்கள். இன்று 9க்கு மேல் தரக்கூடாது என்று முயல்கிறார்கள். இரண்டு முயற்சிகளுக்கும் அடியில் இருக்கும் அறிவு ஒன்றே. வேண்டும் என்று தேடியவர்கள் கண்டுபிடித்த விதிகளைக் கொண்டே வேண்டாம் என்பவர்கள் இன்று தடுக்கிறார்கள்.

வேண்டிய காலம்

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். பயிருக்கு அது உணவு. ஆனால் காற்றில் உள்ள வடிவில் பயிரால் அதைத் தொட முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்களைச் சேர்த்திருக்கும் மும்மைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 1785இல் லண்டனில் ஹென்றி கேவெண்டிஷ் காற்றில் மின்பொறியைத் தொடர்ந்து பாய்ச்சி, நைட்ரஜனை ஆக்சிஜனோடு சேர்த்து வெடியுப்பாக்கிக் காட்டினார். அது ஆய்வுக்கூடத்தோடு நின்றுபோனது. 1898இல் வில்லியம் குரூக்ஸ், சிலி நாட்டு வெடியுப்புப் படிவுகள் தீர்ந்துபோனால் உலகத்துக்குக் கோதுமை கிடைக்காது என்று பிரிஸ்டலில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் கழகக் கூட்டத்தில் எச்சரித்தபோது, காற்றிலிருந்தே உரம் எடுப்பது வேதியியலாளர்களின் கடமையாகத் தெரிந்தது.

முதல் வெற்றி நார்வேயில் கிடைத்தது. கிறிஸ்டியன் பிர்க்கெலாண்டும் சாம் ஐடேவும் 1903இல் மின்வில்லைக் காந்தப்புலத்தால் அகன்ற வட்டத் தட்டாக விரித்து, ஏறத்தாழ 3000 டிகிரி வெப்பத்தில் அதன் வழியே காற்றைச் செலுத்தினார்கள். 1905இல் நோட்டொடன் நகரில் ஆலை எழுந்தது. அங்கும் கிடைத்த நைட்ரிக் ஆக்சைடு நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். ஒரு டன் நைட்ரிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 15,000 யூனிட் மின்சாரம் செலவாயிற்று. அருவிகளிலிருந்து மின்சாரம் மலிவாகக் கிடைத்த நார்வேக்கு அது கட்டுப்படியானது. பின்னர் ஹேபர்–பாஷ் முறையில் அம்மோனியா மலிவாக வரத் தொடங்கியதும் மின்வில் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கான்சஸ் உலையும் அம்மோனியாவின் விலையோடு போட்டியிட முடியாமல் கைவிடப்பட்டது.

இந்தத் தேடலில் மிஞ்சியது அறிவு. 1930களில் லெனின்கிராடின் வேதி இயற்பியல் நிறுவனத்தில் யாகோவ் செல்டோவிச் என்ற இளைஞர், சுடரில் நைட்ரஜன் எப்படி ஆக்சிஜனோடு சேர்கிறது என்று ஆராயத் தொடங்கினார். அங்கும் நோக்கம் நைட்ரஜனைப் பிணைப்பதே. 1946இல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடிப்படையாயிற்று. வெப்பத்தில் உடைந்து தனியே நிற்கும் ஓர் ஆக்சிஜன் அணு நைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி ஒரு நைட்ரிக் ஆக்சைடையும் ஒரு தனி நைட்ரஜன் அணுவையும் தருகிறது. அந்த நைட்ரஜன் அணு ஆக்சிஜன் மூலக்கூறைத் தாக்கி இன்னொரு நைட்ரிக் ஆக்சைடையும், மீண்டும் ஒரு தனி ஆக்சிஜன் அணுவையும் தருகிறது. அந்த அணு அடுத்த சுற்றைத் தொடங்குகிறது.

இதில் முதல் படியே கடினமானது. அதைக் கடக்க மோலுக்கு ஏறத்தாழ 320 கிலோஜூல் தேவை. அதனால் எல்லாமே வெப்பநிலையைப் பொறுத்தது. மீத்தேன் சரியான அளவு காற்றோடு எரிந்தால் சுடர் ஏறத்தாழ 1950 டிகிரியை எட்டும். அந்த வெப்பத்தின் அருகில், ஒவ்வொரு 50 டிகிரி உயர்வுக்கும் நைட்ரிக் ஆக்சைடு பிறக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது. 1500 டிகிரிக்குக் கீழே அந்த வேகம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சுருங்குகிறது. எரிபொருள் எரிவதோடு ஒப்பிட்டால் இந்த வினை மெதுவானது. எரிந்து முடிந்த பிறகும் சூடாக நிற்கும் வாயுவிலேயே பெரும்பகுதி பிறக்கிறது. திடீரென்று குளிர்ந்தால் பிறந்தது அப்படியே உறைந்து நிற்கிறது. கான்சஸ் உலையின் இரண்டாவது படுகை கண நேரத்தில் குளிரவைத்தது இதற்காகத்தான். மெல்லக் குளிர்ந்தால் கிடைத்ததில் ஒரு பகுதி மீண்டும் நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துபோகும்.

வெப்பம், நேரம், ஆக்சிஜன் என்ற மூன்றையும் கூட்டினால் நைட்ரிக் ஆக்சைடு கூடும், குறைத்தால் குறையும். உரம் தேடியவர்களிடமிருந்து இந்தச் சிறிய சூத்திரம் நமக்கு வந்து சேர்ந்தது.

தூய்மை என்று நம்பிய காலம்

1943 ஜூலை 26ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேல் கண் எரிக்கும் புகைமூட்டம் கவிந்தது. போர்க்காலம் என்பதால் எதிரி நச்சுப்புகை வீசிவிட்டான் என்றே பலர் அஞ்சினார்கள். அந்த மூட்டம் திரும்பத் திரும்ப வந்தது. கலிபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருட்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்காரர் கவனத்தை அந்தக் காற்றின் மேல் திருப்பினார். 1950களின் தொடக்கத்தில் அவர் விடையைச் சொன்னார்: எரியாமல் தப்பும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன. கண்ணை எரித்ததும் ரப்பரை வெடிக்கவைத்ததும் இலையைக் கருக்கியதும் அந்தக் கலவையே.

நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் அருகில் வைத்துப் பார்த்த அன்றைய கண்ணுக்கு இயற்கை எரிவாயு மாசற்றது. கரி இல்லை, சாம்பல் இல்லை, கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். புகைபோக்கியில் எதுவும் தெரியாது. எரிபொருளில் நைட்ரஜன் பிணைந்திருப்பதும் இல்லை. ஆனால் நைட்ரிக் ஆக்சைடு பிறக்கத் தேவையான இரண்டு பொருட்களும் காற்றிலேயே இருக்கின்றன. எரிவாயு வெப்பத்தை மட்டும் கொடுத்தால் போதும். பெரிய மின்நிலையக் கொதிகலன்களில் எரிவாயு எரியும்போது பல நூறு பிபிஎம் நைட்ரிக் ஆக்சைடு நிறமின்றி வெளியேறிக்கொண்டிருந்தது. கொதிகலன் பெரிதாகப் பெரிதாக உள்ளே வெப்பம் ஏறியது; நைட்ரிக் ஆக்சைடும் ஏறியது.

அன்றைய பொறியாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. எரிபொருளைக் கொஞ்சமும் வீணாக்காமல் எரிக்கவேண்டும், சிறிய இடத்தில் அதிக வெப்பம் எடுக்கவேண்டும், சுடர் அணையக்கூடாது என்பவையே அவர்களுக்கு இடப்பட்ட பணி. காற்றையும் எரிவாயுவையும் வேகமாகக் கலந்து, கொடுஞ்சூட்டில் எரித்து அதை அவர்கள் செம்மையாகச் செய்தார்கள். அவர்கள் செம்மையாகச் செய்த அளவுக்கு நைட்ரிக் ஆக்சைடும் கூடியது.

கண்ணாடிக் குடுவையும் ஒளிரும் வாயுவும்

இருப்பதை அறிய அளக்கவேண்டும். அன்று அளப்பதற்கு இரண்டு லிட்டர் கண்ணாடிக் குடுவை ஒன்றிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றி, உள்ளே நீர்த்த கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலைச் சிறிது வைத்து, புகைபோக்கியின் துளைவழியே வாயுவை இழுப்பார்கள். குடுவையைக் குலுக்கிக் குறைந்தது 16 மணி நேரம் காத்திருக்கவேண்டும். பிறகு ஆய்வுக்கூடத்தில் ஃபீனால்-டை-சல்ஃபோனிக் அமிலத்தோடு சேர்த்து, உண்டாகும் மஞ்சள் நிறத்தின் அடர்த்தியை அளந்து விடை சொல்வார்கள். ஒரு நாள் முடிந்து கையில் இருப்பது முந்தைய நாளின் ஒரு கணத்து அளவு.

1970 வாக்கில் இன்னொரு முறை வந்தது. நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைச் சந்திக்கும்போது மங்கிய ஒளி ஒன்று பிறக்கிறது. அந்த ஒளியின் அளவே நைட்ரிக் ஆக்சைடின் அளவு. அதைப் பயன்படுத்தும் கருவி சில நொடிகளில் எண்ணைக் காட்டும், நாள் முழுதும் காட்டிக்கொண்டே இருக்கும். இன்று பெரிய மின்நிலையங்களின் புகைபோக்கிகளில் தொடர் அளவீடு வழக்கமாகிவிட்டது. ஆய்வுக்கூடங்களில் 226 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் கதிரைச் சுடரின் குறுக்கே செலுத்தி, எந்த மில்லிமீட்டரில் எவ்வளவு நைட்ரிக் ஆக்சைடு இருக்கிறது என்று சுடரைத் தொடாமலே பார்க்கிறார்கள். பர்னர் மேடையில் நிற்பவர் வால்வை ஒரு பிடி திருப்பினால் விளைவு அப்போதே தெரிகிறது. சட்டங்கள் கடுமையாவதற்கும் கருவிகள் வேகமடைவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அளக்க முடியாத ஒன்றுக்கு வரம்பு வைத்து எவரையும் கட்டுப்படுத்த இயலாது.

மூன்று வினைகளிலிருந்து முந்நூறுக்கு

செல்டோவிச்சின் இரண்டு வினைகளோடு, ஹைட்ராக்சில் துணுக்கு பங்கேற்கும் மூன்றாவது வினையையும் பின்வந்தவர்கள் சேர்த்தார்கள். வெகுகாலம் இந்த மூன்றே போதும் என்று தோன்றியது. 1971இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெனிமோர் என்பவர் மீத்தேன் போன்ற ஹைட்ரோகார்பன் சுடர்களை அளந்தார். பர்னரின் வாயில் நைட்ரிக் ஆக்சைடின் அளவு சுழியத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பது கணக்கு. அளவீடு சுழியத்தில் தொடங்கவில்லை. சுடரின் மெல்லிய படலத்துக்குள்ளேயே, வெப்பம் முழுதாக ஏறும் முன்பே, ஓரளவு பிறந்துவிடுகிறது. ஹைட்ரஜன் சுடரிலும் கார்பன் மோனாக்சைடு சுடரிலும் இப்படி நடக்கவில்லை. ஆகவே இது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்குகளின் வேலை என்று அவர் முடிவு செய்தார். இதை உடனடி நைட்ரிக் ஆக்சைடு என்கிறார்கள்.

ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு நைட்ரஜனை நேரே தாக்குகிறது என்பது வரை அவர் சொன்னது நிலைத்தது. அந்தத் தாக்குதலில் ஹைட்ரஜன் சயனைடு உண்டாகிறது என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நம்பினார்கள். 2000இல் மொஸ்கலேவா, லின் இருவரும் குவாண்டம் கணக்கின் வழியே வேறு பாதையைக் காட்டினார்கள்: முதலில் பிறப்பது ஒரு கார்பனும் இரண்டு நைட்ரஜனும் கொண்ட துணுக்கு. பின்வந்த பரிசோதனைகள் அதை உறுதி செய்தன. இதற்கிடையில் நைட்ரஸ் ஆக்சைடு வழியாக ஒரு பாதையும், இரண்டு நைட்ரஜனோடு ஒரு ஹைட்ரஜன் ஒட்டிய துணுக்கு வழியாக மற்றொரு பாதையும் தெரியவந்தன. செல்டோவிச்சின் பாதையை வெப்பத்தைக் குறைத்து அடைத்த பிறகே இந்தச் சிறு பாதைகளுக்குக் கவனம் கிடைத்தது. பல நூறு பிபிஎம் வெளியேறிய காலத்தில் நான்கைந்து பிபிஎம் தரும் வழியை எவரும் தேடியிருக்கமாட்டார்கள்.

1999இல் அமெரிக்க எரிவாயு ஆய்வு நிறுவனத்தின் ஆதரவில் வெளியான, இயற்கை எரிவாயு எரிவதற்கான வினைத்தொகுப்பின் மூன்றாம் பதிப்பில் 53 வேதிப்பொருட்களும் 325 வினைகளும் உள்ளன. அன்று தாளில் மூன்று சமன்பாடுகளை எழுதி மதிப்பிட்டார்கள். இன்று மாணவர் ஒருவர் மடிக்கணினியில் அந்த 325 வினைகளையும் சில நிமிடங்களில் ஓடவிட்டுப் பார்க்கிறார்.

சுடரைத் தணித்த கதை

தடுப்பு முறைகளின் வரலாறு கொதிகலனில் தொடங்குகிறது. 1950களின் பிற்பகுதியில் தென் கலிபோர்னியாவின் மின்நிலையக் கொதிகலன்களில் இரட்டைநிலை எரிப்பைக் கையாண்டு பார்த்தார்கள். பர்னருக்குத் தேவையான காற்றைவிடச் சற்றுக் குறைவாகவே கொடுத்து, மீதியை மேலே தனித் துளைகளின் வழியே விடுவது அதன் சாரம். முதல் நிலையில் ஆக்சிஜன் குறைவு. இரண்டாம் நிலைக்கு வருமுன் வெப்பத்தில் ஒரு பகுதி குழாய்களுக்குப் போய்விடுகிறது. அடுத்து, புகைபோக்கிக்குப் போகும் குளிர்ந்த வாயுவில் ஒரு பங்கைத் திருப்பி அழைத்து எரிகாற்றோடு கலந்தார்கள். இயற்கை எரிவாயுவில் பிறப்பது பெரும்பாலும் வெப்பத்தால் பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்பதால், பத்து முதல் இருபது விழுக்காடு வாயுவைத் திருப்பியதிலேயே அளவு பாதிக்கும் கீழே போனது. அதற்கு விலையாக விசிறிகள் கூடுதல் மின்சாரம் கேட்டன.

கேஸ் டர்பைனின் கதை இன்னும் கூர்மையானது. 1949இல் ஓக்லஹோமா நகரின் பெல் ஐல் மின்நிலையத்தில் மின்சாரம் தந்த எரிவாயு டர்பைனின் திறன் 3.5 மெகாவாட். இன்றைய மிகப் பெரிய டர்பைன் ஒன்று தனியாக 500 மெகாவாட்டுக்கு மேல் தருகிறது. நீராவி டர்பைனோடு இணைத்தால் எரிபொருளின் ஆற்றலில் 63, 64 விழுக்காடு மின்சாரமாகிறது. இந்த வளர்ச்சி முழுவதும் வெப்பத்தை ஏற்றிப் பெற்றது. வெப்பம் ஏறினால் நைட்ரிக் ஆக்சைடும் ஏறும் என்பது செல்டோவிச்சின் விதி. ஆகவே டர்பைன் பொறியாளர் தன் வெற்றிக்கு எதிராகவே உழைக்க வேண்டியிருந்தது.

பழைய எரியறையில் எரிவாயுவும் காற்றும் தனித்தனியே வந்து சந்திக்கும் இடத்தில் எரிந்தன. சராசரியாக எவ்வளவு காற்று மிகுந்திருந்தாலும், சந்திக்கும் எல்லையில் இரண்டும் சரியளவில் கூடி உச்ச வெப்பம் எழும். அதனால் 150 முதல் 250 பிபிஎம் வரை வெளியேறியது. 1979இல் அமெரிக்க அரசு, மின்வாரியங்களின் பெரிய டர்பைன்களுக்கு 75 பிபிஎம் என்பதை அடிப்படை வரம்பாக்கியது. அப்போது கைக்கு எட்டிய மருந்து தண்ணீர். எரிபொருளின் எடைக்கு ஏறத்தாழ ஈடான எடையில், உப்பு நீக்கிய தண்ணீரைச் சுடரில் பீய்ச்சினார்கள். 42 பிபிஎம், பிறகு 25 என்று எண் இறங்கியது. உலோகம் விரைவில் தேய்ந்தது, கார்பன் மோனாக்சைடு கூடியது, நல்ல தண்ணீர் ஆவியாகிப் போனது.

1980களில் தண்ணீரின்றித் தணிக்கும் வழி உருவாயிற்று. எரிவாயுவையும், தேவையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காற்றையும் முன்கூட்டியே சீராகக் கலந்து, பிறகு எரிப்பது. சரியளவில் கூடும் எல்லை என்று ஒன்று இல்லாததால் உச்ச வெப்பமும் இல்லை. சுடர் முழுவதும் 1500 டிகிரியை ஒட்டி நிற்கிறது. 25 பிபிஎம் 15 ஆயிற்று, 15 என்பது 9 ஆயிற்று. 250 பிபிஎம்மும் 9 பிபிஎம்மும் ஒரே எரிபொருளின் எண்கள். கலக்கும் முறை மட்டுமே வேறு. (டர்பைன் எண்கள் புகையில் 15 விழுக்காடு ஆக்சிஜன் இருப்பதாகவும் கொதிகலன் எண்கள் 3 விழுக்காடு இருப்பதாகவும் கொண்டு சொல்லப்படுபவை, ஆகவே இரண்டையும் நேருக்குநேர் ஒப்பிடலாகாது.)

ஜெர்மனியில் யோஆகிம் வ்யூனிங் 1989இல் கண்டது இந்த வழியின் எல்லை எனலாம். ஏறத்தாழ 1000 டிகிரியில் இருந்த உலையில், நன்கு சூடேற்றிய காற்றை வேகமாகச் செலுத்தி, எரிந்த வாயுவோடு அதைக் கலக்கவைத்தபோது சுடர் மறைந்தது. எரிவாயு முழுதாக எரிந்தது. கண்ணுக்குச் சுடர் தெரியவில்லை. நைட்ரிக் ஆக்சைடு மிகக் குறைவாக இருந்தது. எஃகு உலைகளில் இன்று இந்தச் சுடரில்லா எரிப்பு நடைமுறையில் இருக்கிறது. அன்று காற்றைச் சூடேற்றினால் எரிபொருள் மிச்சமாகும், நைட்ரிக் ஆக்சைடு பெருகும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இன்று இரண்டும் ஒருசேரக் கைகூடுகின்றன.

பிறந்ததை மீண்டும் நைட்ரஜனாக்குதல்

தடுத்தும் தப்பிப் பிறந்ததை அழிக்கவும் வழிகள் உண்டு. எக்ஸான் நிறுவனத்தின் ரிச்சர்ட் லயன் 1975இல் காப்புரிமை பெற்ற முறையில், சூடான புகைவாயுவில் அம்மோனியாவை ஊதினால் அது நைட்ரிக் ஆக்சைடைத் தேடிச் சேர்ந்து, இரண்டும் நைட்ரஜனாகவும் நீராகவும் மாறுகின்றன. ஏறத்தாழ 870 டிகிரிக்கும் 1100 டிகிரிக்கும் நடுவில் மட்டுமே இது நடக்கும். அதற்கு மேலே போனால் அம்மோனியாவே எரிந்து நைட்ரிக் ஆக்சைடாகும். கீழே போனால் வினை நடக்காமல் அம்மோனியா தப்பிப் போகும். ஜப்பானில் 1970களில் வளர்ந்த வினையூக்கி முறை, டைட்டானியா மேல் வனேடியம் ஏற்றிய அடுக்குகளைக் கொண்டு அதே வினையை 300, 400 டிகிரியிலேயே நடத்தியது. இன்று புதிய எரிவாயு மின்நிலையங்களில் எரியறையின் தணிப்பும் இந்த வினையூக்கியும் சேர்ந்து 2 பிபிஎம் வரை கொண்டுவருகின்றன.

இன்னொரு முறையில் இயற்கை எரிவாயுவே மருந்தாகிறது. முதன்மைச் சுடருக்கு மேலே, மொத்த வெப்பத்தில் பத்து முதல் இருபது விழுக்காடு அளவுக்கு எரிவாயுவைக் காற்றின்றிப் புகுத்தினால், அதிலிருந்து பிறக்கும் கார்பன்–ஹைட்ரஜன் துணுக்குகள் நைட்ரிக் ஆக்சைடைத் தாக்கி, ஹைட்ரஜன் சயனைடு வழியாக அதை நைட்ரஜனாக்குகின்றன. பிறகு மீதிக் காற்றைக் கொடுத்து எரிப்பை முடிக்கிறார்கள். நைட்ரிக் ஆக்சைடில் பாதிக்கு மேல் இதில் மறைகிறது. ஃபெனிமோர் கண்ட உடனடி நைட்ரிக் ஆக்சைடுக்குத் தாயான அதே துணுக்குகள் இங்கே அதை அழிக்கின்றன. ஆக்கமும் அழிவும் ஒரே துணுக்கின் கையில் இருக்க, அதைச் சுற்றி ஆக்சிஜன் எவ்வளவு, நைட்ரிக் ஆக்சைடு ஏற்கெனவே எவ்வளவு என்பதே திசையைத் தீர்மானிக்கிறது. இந்த வேதியியலில் என்னை மிகவும் கவர்ந்த உண்மை இது.

பெற்றதும் இழந்ததும்

பெற்றது பெரியது. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் காற்று இன்றும் ஓசோன் வரம்புக்குள் வரவில்லை. ஆனால் நகரம் பெருகி, வண்டிகள் பெருகி, மின்சாரத் தேவை பெருகிய பிறகும் அங்கே மலைகள் தெரிகின்றன, குழந்தைகள் வெளியே விளையாடுகிறார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு நைட்ரஜன் டை ஆக்சைடு எவ்வளவு கொடியது என்பதும் இப்போது நன்கு தெரியும். 2005இல் அதன் ஆண்டுச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன வழிகாட்டி அளவு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். 2021இல் அதை 10 ஆகக் குறைத்தது.

இழந்ததையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பழைய சுடர் தாராள குணம் கொண்டது. எரிவாயுவின் தரம் சற்று மாறினாலும் எரியும். சுமையைக் கால்வாசியாகக் குறைத்தாலும் அணையாது. கொதிகலன் இயக்குநர் பார்வைத் துளை வழியே நிறத்தையும் நீளத்தையும் பார்த்து, காற்று போதுமா என்று சொல்லிவிடுவார். இன்றைய மெலிந்த முன்கலப்புச் சுடர் அணையும் விளிம்பிலேயே வாழ்கிறது. சற்று மெலிந்தால் அணைகிறது. சற்றுச் செறிந்தால் நைட்ரிக் ஆக்சைடு ஏறுகிறது. சில வேளைகளில் அழுத்த அலைகளோடு சேர்ந்து அதிர்ந்து, எரியறையின் உலோகத்தையே பிளக்கிறது. சுமை பாதிக்குக் கீழே போனால் பல டர்பைன்களால் அந்தக் குறைந்த எண்ணைக் காக்க முடிவதில்லை. வெளிறிய சுடரைக் கண்ணால் படிக்க இயலாது. அழுத்த உணர்விகளும் புற ஊதா உணர்விகளும் கணினிக்குச் சொல்ல, கணினி வால்வுகளைத் திருப்புகிறது. ஆண்டுகள் பல நின்று பழகிய ஓர் இயக்குநரின் கண்ணறிவுக்கு அங்கே இப்போது வேலை குறைவு. நைட்ரிக் ஆக்சைடைக் கொல்ல ஊதும் அம்மோனியாவில் சில பிபிஎம் புகைபோக்கி வழியே தப்பிப் போகிறது. ஒரு மாசைத் தடுக்க இன்னொன்றைச் சிறிதளவு பொறுத்துக்கொள்கிறோம்.

இந்தியாவிலும் 1999 முதல் எரிவாயு மின்நிலையங்களுக்கு வரம்பு உண்டு: 400 மெகாவாட்டும் அதற்கு மேலும் என்றால் 50 பிபிஎம், 100க்கும் 400க்கும் இடையில் 75, அதற்குக் கீழே 100. காவிரிப் படுகையின் எரிவாயுவை எரிக்கும் குத்தாலம், கோவில்களப்பால், வழுதூர் நிலையங்கள் இத்தகைய வரம்புகளுக்குள் வருபவை. வீட்டுச் சமையலறை அடுப்புக்கோ அப்படி எதுவும் இல்லை. அந்த நீலச் சுடரிலும் இதே வேதியியல் நடக்கிறது. அங்கே புகைபோக்கி என்பது சன்னல்தான். கலிபோர்னியாவில் வீட்டு வெந்நீர்க் கொதிகலனுக்கும் வரம்பு வைத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 1978இல் ஒரு ஜூல் வெப்பத்துக்கு 40 நானோகிராம் என்று இருந்ததை 1999இல் 10 என்றாக்கினார்கள். சான்பிரான்சிஸ்கோ விரிகுடா வட்டாரத்தின் காற்று வாரியம் 2023இல், இனி விற்கப்படும் வீட்டு வெந்நீர்க் கருவிகள் படிப்படியாகச் சுழியத்துக்கு வரவேண்டும் என்று விதி செய்தது. சுழியம் என்றால் வீட்டில் சுடரே வேண்டாம் என்று பொருள்.

தொழிற்சாலைகளும் மின்நிலையங்களும் எரிவாயுவில் ஹைட்ரஜனைக் கலந்து எரிக்கத் தயாராகி வருகின்றன. ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர் மட்டுமே வரும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. தூய ஆக்சிஜனில் எரித்தால் அது சரி. காற்றில் எரித்தால் நைட்ரஜனும் கூடவே நிற்கிறது. கார்பன் இல்லாததால் ஃபெனிமோரின் பாதை அடைபடும். ஆனால் ஹைட்ரஜனின் சுடர் ஏறத்தாழ 2110 டிகிரியை எட்டுவது. மீத்தேனைவிட 150 டிகிரிக்கு மேல் கூடுதல். அது பரவும் வேகமும் ஐந்து மடங்குக்கு மேல் என்பதால், முன்கலப்பு எரியறையில் சுடர் பின்னோக்கிப் பாய்ந்து கலக்கும் குழாயையே எரித்துவிடக்கூடும். செல்டோவிச்சின் விதி அங்கே இன்னும் வலுவாகச் செல்லுபடியாகும். கரியும் சாம்பலும் இல்லாததால் இயற்கை எரிவாயுவை மாசற்றது என்று அன்று நம்பினோம். அளக்கத் தொடங்கிய பிறகே உண்மை தெரிந்தது. கார்பன் இல்லாததால் ஹைட்ரஜனை அப்படி நம்பும் உரிமை இன்று நமக்கு இல்லை, ஏனென்றால் இம்முறை விதியும் தெரியும், கருவியும் கையில் இருக்கிறது. முதல் ஹைட்ரஜன் பர்னரை ஏற்றும் நாளிலேயே புகைபோக்கியில் அளவுகருவி பொருத்தப்பட்டிருக்கவேண்டும்.